பாதியிலேயே நின்ற முள்

பன்னிரண்டு நாள் விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளே, தண்ணீர் லாரி டிரைவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டினார்கள்.

இருபத்திரண்டு வருஷத்து லாரி அது. டீசல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. தினமும் காலையில் டீசல் டாங்குக்குள் ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்த்த பிறகுதான் டிரைவர் வண்டியை எடுப்பார். அன்று குச்சியோடு இறங்கியவரைச் சூப்பர்வைசர் தடுத்தார்.

"அதெல்லாம் இனிமே வேணாம்பா. நீ லீவுல இருந்தப்ப டாங்க்ல புது மிதவை போட்டாச்சு. முள்ளு ஜம்முன்னு வேலை செய்யுது."

சாவியைத் திருப்பினால் முள் பாதியில் வந்து நின்றது. டிரைவரும் நம்பி வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஏறும் மேட்டில், முழு லோடு தண்ணீரோடு லாரி இருமி இருமி நின்றது. முள் அப்போதும் பாதியில்தான் இருந்தது. கேனில் டீசல் வாங்கி ஊற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, மறுபடி கிளப்புவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் குழாயில் அதுவரை வெறும் காற்றுதான் வந்தது.

மதியம் ஷெட்டுக்குள் நுழைந்ததுமே, ஒன்பது டிரைவர்கள் பார்க்கச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார்.

"காலைல பாதி டாங்க்னு கேட் நோட்டுல எழுதியிருக்கு. எட்டு கிலோமீட்டர்ல அவ்வளவு டீசலும் எங்க போச்சு? ஆவியா போச்சா? வழியில யாருக்கு இறக்கின?"

"சார், வார்த்தைய அளந்து பேசுங்க!"

"நான் ஏன் பேசணும்? மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதறேன். அவங்க பேசிக்குவாங்க."

டிரைவருக்குக் காது மடல் சுட்டது. இருபத்தேழு வருஷ சர்வீஸில் ஒரு நட்டைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போனவரில்லை. நேரே ஷெட்டின் கோடியில் இருந்த எலெக்ட்ரீஷியனிடம் போனார். அவளுக்கு அங்கே 'கரண்ட்' என்றுதான் பெயர். தொட்டால் அடிப்பாள் என்பார்கள்.

"உங்க மேலயா சொன்னாரு? வாங்கண்ணே, பாத்துருவோம்" என்று டார்ச்சை எடுத்தாள். "நீங்க சாவியப் போட்டு முள்ள மட்டும் பாருங்க."

டாங்கின் தலையில் இருந்த ஒயரைக் கழற்றினாள். "இப்ப?"

"காலிக்கு இறங்கிருச்சு."

ஒயர் நுனியை வண்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்தாள். "இப்ப?"

"முழுசுக்கு ஏறிருச்சும்மா!"

"அப்ப முள்ளு நல்லா இருக்கு, ஒயரும் நல்லா இருக்கு. பொய் சொல்றது டாங்குக்குள்ள உக்காந்திருக்கு."

மிதவையைப் பிடித்திருந்த ஐந்து திருகாணிகளும் புத்தம் புதுசு. அவற்றைக் கழற்றி மிதவையை வெளியே இழுத்தாள். அதே பழைய, துருப்பிடித்த மிதவை. டீசலோடு ஏறி இறங்க வேண்டிய அதன் கையை, பாதி உயரத்தில் அசையாதபடி கட்டுக்கம்பி சுற்றி இறுக்கியிருந்தார்கள்.

"போன வாரம் வண்டிய வருஷ சோதனைக்கு அனுப்பினாங்கண்ணே" என்றாள் கரண்ட், பல்லைக் கடித்தபடி. "முள்ளு எதையாவது காட்டினா பாஸ். புதுசு வேணும்னு நான் மூணு தடவ எழுதிக் குடுத்தேன். வெளியாள வச்சுப் போட்டாச்சுன்னு என் மூஞ்சியப் பாத்தே சொன்னாரே இந்த மனுஷன்!"

டீசல் சொட்டச் சொட்ட அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய், சூப்பர்வைசர் எழுதிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டின் மேலேயே வைத்தார் டிரைவர்.

சூப்பர்வைசர் கம்பிக் கட்டைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். குரல் இறங்கியது. "சரி, விடுப்பா. நமக்குள்ள எதுக்கு? ரிப்போர்ட்டக் கிழிச்சுடறேன்."

"கிழிக்காதீங்க. வெளிய வாங்க. எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னு சொல்லுங்க."

"என்னய்யா மிரட்டறியா?"

"இவரு கேக்கறது நியாயம்தான சார்?" வாசலில் கரண்ட் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒன்பது டிரைவர்களும் நின்றார்கள்.

சூப்பர்வைசர் வெளியே வந்தார். தரையைப் பார்த்து, "மிஷின் கோளாறு. டிரைவர் மேல தப்பில்ல" என்று முனகினார்.

"மிஷின் கோளாறா? மிஷினுக்குக் கம்பி கட்டத் தெரியுமா?" டிரைவரின் குரல் தகரக் கூரையில் போய் மோதியது. "கட்டச் சொன்னது யாருன்னு சொல்லுங்க சார். கேக்கல, இன்னும் சத்தமா!"

"நான்தான்... நான்தான்யா சொன்னேன்."

புது மிதவை வரும்வரை அந்த லாரியை யாரும் தொடவில்லை. நான்காம் நாள்தான் அது வந்தது. சூப்பர்வைசர் அதே நாற்காலியில்தான் இருந்தார். மேலிடத்திலிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான்.

ஆனால் சூப்பர்வைசர் ஒத்துக்கொண்ட அன்று சாயங்காலமே, வீட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு மனைவி மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

"அதான் அவரே ஒத்துக்கிட்டாருல்ல, இன்னும் என்ன?"

"ஒத்துக்கிட்டான். ஆனா நாளைக்கும் அவன் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும்டி" என்றார் டிரைவர். சோறு ஆறிக்கொண்டிருந்தது.