நங்கூரம் நாகப்பனுக்கு ஒரு குரல்

நங்கூரம் நாகப்பனை அகஸ்டினா அதுவரை பதினோரு தடவை கொன்றிருந்தாள். கழுத்தை அறுத்துக் கொன்றாள், டீசல் ஊற்றிக் கொன்றாள், விசைப்படகின் விசிறியில் தள்ளி நாலு துண்டாக்கியும் கொன்றாள். ஒரு பயனும் இல்லை. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஆறு பேர் சேர்ந்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குக் கதை எழுதுவது அவள் வேலை, நாகப்பன் அதன் வில்லன். விளையாடிப் பார்க்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் அவனை வெட்டிச் சாய்த்தார்கள், அவன் செத்து முடிவதற்குள் சமோசாவுக்குக் கை நீட்டினார்கள்.

“ஆளைப் பாத்தா பயமே வரலைங்க,” என்றான் கோபிநாத். கம்பெனி அவனுடையது. “வர்றான், சிரிக்கிறான், திட்டறான், சாவறான். கொசு அடிக்கிற மாதிரி இருக்கு. நல்ல வில்லன்னா அவனை அடிக்கும்போது நம்ம கை கொஞ்சம் தயங்கணும். இவன் இடத்துல நான் இருந்தா நானும் இதைத்தான் செஞ்சிருப்பேனோன்னு தோணணும். நீங்க இவனை வெறுத்துக்கிட்டே எழுதறீங்க அகஸ்டினா. அது தெரியுது.”

தெரியாமல் என்ன செய்யும்? நாகப்பனுக்கு அவள் கொடுத்திருந்தது தெய்வசிகாமணியின் முகம். பதினோரு மாதத்துக்கு முன்னால் அவளுடைய அண்ணன் லூர்துபிரகாஷை அரியாங்குப்பத்தில் ஒரு பரோட்டாக் கடை வாசலில், பட்டப்பகலில், அந்தத் தெய்வசிகாமணிதான் வெட்டினான். முதலில் நாட்டு வெடிகுண்டு வீசினார்கள். புகைக்குள் நாலு பேர் புகுந்தார்கள். இருபத்தேழு வெட்டு என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருந்தது. உடம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தவர்கள் வலது கையைத் தனியாக ஒரு பொட்டலமாகக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டவள் அகஸ்டினா. இப்படிப்பட்டவனுக்கு ஒரு நியாயம் தேடிக் கண்டுபிடித்து எழுது என்றால் யாருக்குத்தான் கை வரும்.

தெய்வசிகாமணி ஜாமீனில் வந்தான், பிறகு காணாமல் போனான். அவனைத் தேடுகிறவர்களில் முதல் ஆள் அவள் தம்பி கிறிஸ்துதாஸ். இருபத்துமூன்று வயது. ஒரு ஹோட்டலுக்கு மீன் வாங்கிப் போடுகிற வேலை. வெட்டுப்பட்டவனின் வருஷம் திரும்புவதற்குள் பழி தீரவேண்டும் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பாழாய்ப்போன வழக்கம். நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டும்போது வெட்டியவன் உயிரோடு இருந்தால், செத்தவனின் சொந்தபந்தத்தை ஊரே கேலி செய்யும். கல்லறையில் பெட்டி மூடுமுன் அதன்மேல் கை வைத்து, வருஷப் பூசைக்கு முன்னால் முடிக்கிறேன் என்று கிறிஸ்துதாஸ் சொன்னதை அவள் தன் காதால் கேட்டாள். அம்மா இல்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த பழைய சொல்தா, இப்போது பிள்ளைகளின் பெயரே மறந்துபோய் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர். மிச்சம் இந்தத் தம்பி ஒருவன்தான். அவன் கையில் ரத்தம் படக்கூடாது. அவள் கும்பிட்ட மாதாவிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் சின்னப்பொண்ணு தெய்வசிகாமணியின் மனைவி. ஒருநாள் அகஸ்டினா அவள் கூடைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சங்கரா மீனின் செதிலைச் சீவிக்கொண்டிருந்த கை நின்றது.

“அக்கா, எனக்கு அவரைப் பாக்கணும். ஏன் வெட்டினாருன்னு அவர் வாயால கேக்கணும். அவ்வளவுதான்.”

வேறொருத்தியாக இருந்தால் கத்தியைக் காட்டி விரட்டியிருப்பாள். சின்னப்பொண்ணு அப்படிப்பட்டவள் இல்லை. செத்தவனின் தங்கையே வந்து கேட்கிறாளே, இவள் மனம் ஆறினால் ரத்தம் இதோடு நிற்குமோ என்று அந்தப் பாவி ஆசைப்பட்டுவிட்டாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதும்மா. என் பொண்ணு கலைவாணி மேல சத்தியம் பண்ணு.”

அகஸ்டினா சத்தியம் செய்தாள். பையில் இருந்த போனைப் பற்றிச் சொல்லவில்லை.

விளக்கடியில்தான் இருட்டு என்பார்கள். கிறிஸ்துதாஸின் ஆட்கள் விழுப்புரம், கடலூர் என்று சல்லடை போட்டுத் தேடிக்கொண்டிருக்க, தெய்வசிகாமணி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலேயே, மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஐஸ் கொட்டகையில் கிடந்தான். துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து உடைக்கிற மிஷினில் தள்ளுவது அவன் வேலை. மற்ற நேரம் உள்ளேயே தூங்குவான். கிறிஸ்துதாஸ் தினமும் இருபதடி தூரத்தில் நின்று வஞ்சரம் வாங்கிப் போயிருக்கிறான்.

அகஸ்டினா நினைத்து வந்த அரக்கன் அங்கே இல்லை. பல் துலக்காத, கண் பீளை கட்டிய ஒரு நடுத்தர வயதுக்காரன் பக்கெட்டைக் கவிழ்த்து அவளை உட்காரச் சொன்னான்.

“உங்க அண்ணன் ரெண்டு பசங்களை ஏவி என் தம்பியை வெட்டச் சொன்னாம்மா. ஒரு மனை தகராறு. என் தம்பி அதுல வெறும் சாட்சி. கொடல் சரிஞ்சு விழுந்ததைக் கையில புடிச்சுக்கினு வீடு வரைக்கும் நடந்து வந்தான். அந்த நேரத்துல உங்க அண்ணன் வீட்ல உக்காந்து கறி சாப்பிட்டுட்டு இருந்தான். வெட்டின பசங்க ரெண்டு பேரும் இன்னிக்கும் ஊர்ல சுத்தறானுங்க. நான் தொடலை. ஏவினவனைத்தான் வெட்டுவேன், ஏவல் ஆளைத் தொடமாட்டேன். தானா வந்தவனையும் விடமாட்டேன்.”

“வருத்தமா இல்லியா உங்களுக்கு?”

“இல்லம்மா. பொய் சொல்லச் சொல்றியா? கீழ விழுந்தப்ப உங்க அண்ணன் செருப்பைத் தேடினான். ஒரு செருப்பு கழண்டு போச்சு, தடவித் தடவித் தேடினான். அது மட்டும் சில நாள் கனவுல வருது.”

அண்ணன் ஆள் வைத்து வெட்டியவன் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. நம்பக்கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. அந்தக் கறிச் சோற்றைப் பரிமாறியவளே அவள்தான். அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. அண்ணன் வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

ஒரே வாரத்தில் நாகப்பன் எழுந்து நின்றான். தெய்வசிகாமணி சொன்னதையெல்லாம் அவனுக்குக் கொடுத்தாள். ஏவினவனைத்தான் வெட்டுவேன் என்ற சட்டம், செருப்பு, கனவு எல்லாவற்றையும் கொடுத்தாள். நடிகன் வந்து பேசும்வரை தற்காலிகமாக யார் குரலையாவது வைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். அவள் போனில் பிடித்த குரலையே வைத்தாள். யாருடையது என்று கோபிநாத் கேட்டதற்குத் தெரிந்த ஒரு மீன்காரர் என்றாள்.

கல்லூரிப் பிள்ளைகள் இந்தத் தடவை சமோசாவைத் தொடவில்லை. ஒருத்தி வெட்ட ஓங்கியவள் பொத்தானை அமுக்காமல் உட்கார்ந்திருந்தாள், அதற்குள் நாகப்பன் அவளை வெட்டிவிட்டான். “இவன்தாங்க வில்லன்,” என்று கோபிநாத் மேசையைத் தட்டினான். அகஸ்டினாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். அண்ணன் செய்ததைத் தம்பியிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் நாகப்பன் சொல்லட்டும் என்று நினைத்தாள். ஊரான் வீட்டுப் பெண்ணுக்கே கை தயங்கியதே, இவனுக்குத் தயங்காதா? வருஷப் பூசைக்கு முந்தின நாள் மாலை, லேப்டாப்பைக் கிறிஸ்துதாஸின் மடியில் வைத்து, ஹெட்போனையும் மாட்டிவிட்டாள்.

“ஒரு தடவை ஆடிப் பாருடா. அவன் பேசறதைக் கேளு. நான் எழுதினது.”

அவன் ஆடினான். நாகப்பன் பேசும் இடம் வந்ததும் அசையாமல் உட்கார்ந்தான். மறுபடி போட்டுக் கேட்டான். கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள், பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

“நல்லா எழுதியிருக்கேக்கா,” என்றான்.

காலை ஐந்தேகாலுக்கு எழுந்து அப்பாவின் கோட்டுக்கு இஸ்திரி போட்டாள். ஆறு மணிக்குப் பூசை. தம்பியை எழுப்பப் போனால் கட்டிலில் லேப்டாப் மட்டும்தான் இருந்தது. நாகப்பன் பேசும் அந்தக் காட்சி மட்டும் முப்பத்தெட்டு தடவை ஓடியிருந்தது. போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தான். ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாள். கோர்ட்டில் தெய்வசிகாமணி பேசியதைக் கிறிஸ்துதாஸ் கேட்டிருக்கிறான், குரல் அவனுக்குத் தெரியும். அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. அகஸ்டினா நூறு தடவை கேட்டும் காதில் வாங்காதது. ஏலம் விடும் ஆயம்மாவின் கரகரத்த குரல், ஒருதரம், ரெண்டுதரம் என்று. அதற்கும் பின்னால் ஐஸ் உடைபடும் சத்தம். தினமும் ஆயம்மாவின் முன்னால் நின்று மீன் எடுக்கிறவனுக்கு இதற்குமேல் யார் வந்து வழி சொல்லவேண்டும்?

அவளுடைய ஸ்கூட்டர் துறைமுக வாசலைத் தாண்டும்போது வெடிச்சத்தம் கேட்டது. இரண்டு. மீன் கூடைகள் உருண்டன, ஆயம்மா யாரையோ இழுத்துக்கொண்டு ஓடினாள், கொட்டகைக்குள்ளிருந்து வெள்ளைப் புகை வந்தது. அகஸ்டினா அதற்குள் ஓடினாள்.

கிறிஸ்துதாஸோடு வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஓடியிருந்தார்கள். ஒருவன் கிழிந்த தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் கத்திக்கொண்டிருந்தான். தெய்வசிகாமணிக்குத் தோள்பட்டை பிளந்து எலும்பு தெரிந்தது, ஒரு காது தொங்கியது. அந்த நிலையிலும் அவன் கிறிஸ்துதாஸின் மார்பில் முழங்காலை ஊன்றி, ஐஸ் கொக்கியைத் தொண்டைக்குழியில் வைத்திருந்தான். வீச்சரிவாள் கை எட்டாத தூரத்தில் ஐஸ் தண்ணீரில் கிடந்தது. புருஷனுக்கு டீ கொண்டுவந்த சின்னப்பொண்ணு சுவரோடு சுவராக நின்றாள்.

“யார்ரா உன்னை அனுப்பினது?”

“எவனும் அனுப்பலை. நானாத்தான் வந்தேன்,” என்று துப்பினான் கிறிஸ்துதாஸ்.

அந்தப் பதிலுக்கு என்ன தண்டனை என்று அந்த இடத்தில் அகஸ்டினா ஒருத்திக்குத்தான் தெரியும். கொக்கி உயர்ந்தது.

“நான்தான் அனுப்பினேன்,” என்றாள்.

தெய்வசிகாமணி திரும்பினான்.

“உங்க பேச்சைப் போன்ல புடிச்சேன். அவனைக் கேக்க வெச்சேன். ஏவினது நான். அவன் ஏவல் ஆளு. அவனை விடுங்க.”

அவன் அவளைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். மெல்ல எழுந்தான். “எழுந்து போடா,” என்று கிறிஸ்துதாஸிடம் சொல்லிவிட்டு, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அகஸ்டினாவை நோக்கி வந்தான். சொன்ன சொல் மாறாதவன். அவள் ஓடவில்லை. தம்பி பிழைத்தான் என்ற நினைப்பில் காலே அசையவில்லை. இடது கையை மட்டும் தூக்கினாள். கொக்கி உள்ளங்கையைத் துளைத்துப் புறங்கையில் வெளியே வந்தது. உருவிக்கொண்டு மறுபடி ஓங்கினான்.

அந்த வீச்சு இறங்கவில்லை. பின்னாலிருந்து அரிவாள் அவன் பிடரியில் இறங்கியது. மண்டியிட்டு விழுந்தான். இரண்டாவது வெட்டில் தலை ஒருபக்கம் சாய்ந்தது. கிறிஸ்துதாஸ் நிறுத்தவில்லை. முதுகில் வெட்டினான், தூக்கிய கையில் வெட்டினான், கை கீழே விழுந்த பிறகும் அதே கையில் வெட்டினான். “போதும்டா தாஸு, விட்டுடுடா, அவர் உன்னை விட்டுட்டாருடா,” என்று அவள் கத்தக் கத்த அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். உடைத்த ஐஸ் எல்லாம் சிவந்து, வெதுவெதுவென்று ஆவி எழுந்தது.

முடித்துவிட்டு அவளிடம் வந்தான். சட்டையைக் கழற்றி, சின்னப் பிள்ளைக்குக் கட்டுவது மாதிரி பதமாக அவள் கையைச் சுற்றினான். அவன் முகத்தில் பதற்றமே இல்லை.

“ஒண்ணும் இல்லக்கா. வலிக்குதா? இன்னா பேச்சு பேசினே நீ. என்னை விட்டுட்டு அவன் உன் பக்கம் திரும்பற மாதிரி நல்லா ஏமாத்தினே.”

தம்பியை இந்தச் சகதியில் விடக்கூடாது என்றுதானே அத்தனையும் செய்தாள். தன் கையால் அவனைக் கூட்டிவந்து அதன் நடுவில் நிறுத்தியிருக்கிறாள். பூசைக்கு நேரமாகிறது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு நீ போ, நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று ஏதோ சொன்னான். வெளியே நின்றவர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். அரிவாளை வீசிக்கூட எறியாமல் நடந்து போனான்.

சின்னப்பொண்ணு சுவரை விட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். புருஷனின் தலையை எடுத்து மடியில் நேராக வைக்கப் பார்த்தாள், அது நிற்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

“தம்பியைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னே? நீ அனுப்பலைதானே கண்ணு?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள், நம்புவதற்காகவே கேட்டவள் அவள். அகஸ்டினா அவளுக்கு எதிரே ஈரத்தில் உட்கார்ந்தாள்.

“நான்தான்க்கா அனுப்பினேன்,” என்றாள். முதல் தடவை சொன்னபோது அதைப் பொய் என்று நினைத்துத்தான் சொன்னாள்.