பன்றி வாசனையும் சிதகார்யா முகமூடியும்

எங்கள் வீட்டுக் கோயில் விழாவுக்கு எல்லாம் தயார். சிதகார்யா முகமூடி கட்டி ஆட வேண்டியவர் மட்டும் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"சிதகார்யா ஆடலேன்னா பூஜை முடிஞ்சதா கணக்கில்ல," என்று பூசாரி கையை விரித்தார்.

கந்தலோடு வந்த சிதகார்யா முனிவரை விழாவிலிருந்து விரட்டி, அவர் சாபத்தில் எல்லாம் கருகிய பிறகு காலில் விழுந்து அழைத்த கதை பாலித் தீவில் யாருக்குத் தெரியாது? அவருடைய அந்தப் பல் நீண்ட அவலட்சண முகம் வந்து அரிசி தூவாமல் எந்தச் சடங்கும் நிறைவேறாது.

கதை தெரிந்து என்ன பிரயோசனம்? போன கலுங்கான் பண்டிகைக்கு வந்த என் அண்ணன் ரெந்தாவை, என் கணவரின் தமையன் கர்தனா வாசலிலேயே நிறுத்தினார். "பன்னி நாத்தம் படையல்ல ஒட்டும். குளிச்சிட்டு வாய்யா."

அண்ணன் பன்றி வளர்ப்பவன். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். அப்படியே திரும்பியவன் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு இந்த வீட்டில் நாதியே இல்லாதது போல் ஆயிற்று.

இப்போது பக்கத்தில் சிதகார்யா ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"சுகர்த்தி, நீ போய்க் கூப்பிடும்மா," என்றார் கர்தனா.

"வெரட்டினது நீங்க. நீங்களே போங்க அத்தான்."

பட்டு வேட்டியோடு பன்றிக் கொட்டிலுக்குப் போனார். இன்றைக்கு வராவிட்டால் அண்ணன் இனி என்றைக்குமே வரமாட்டான் என்று நான் வாசலையே பார்த்து நின்றேன். கடைசியில் முகமூடிக் கூடையைத் தலையில் சுமந்து வந்தவர் கர்தனா. பின்னால் அண்ணன்.

ஆட்ட முடிவில் சிதகார்யா ஒரு குழந்தையைத் துரத்திப் பிடித்துத் தூக்க வேண்டும். அகப்பட்டவள் என் மகள் செனி. பயந்து வீறிட்டவள், அண்ணன் கழுத்தில் முகம் பட்டதும் அடங்கினாள். முகர்ந்து பார்த்தாள். என் தாய்வீட்டுக்குப் போனால் அந்தத் தோளை விட்டு இறங்காதவள் ஆயிற்றே.

"ரெந்தா மாமா வாசன," என்று ஊருக்கே கேட்கச் சொல்லிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. கர்தனா தலையைக் குனிந்துகொண்டார். முகமூடிக்குள் அண்ணன் அழுதது தோள் குலுங்கியதில் தெரிந்தது. அந்தக் கோர முகத்தை அன்று நான் மனமாரக் கும்பிட்டேன். அது இல்லாவிட்டால் என் அண்ணனை இந்த வீட்டுக்குள் யார் கூட்டி வந்திருப்பார்?

பிறகு கர்தனா தன் கையாலேயே சோறும், பன்றிக்கறியைக் கொத்தித் தேங்காய் கலந்த லாவாரும் கொண்டுவந்து வைத்தார்.

"சாப்பிடு மச்சான்."

"குளிச்சிட்டு வரட்டுமா?" என்றான் அண்ணன்.

"கால்ல வேணா விழறேன். உக்காரு."

அண்ணன் உட்கார்ந்தான்.