கண்ணாடி தேடும் காட்சியும் ஒரு பணிவான சிரிப்பும்

1

மதிப்பிற்குரிய வாசகரிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது முறை. இது கதையாகப் பிறந்ததன்று. பார்த்த படங்களையும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களையும் பற்றிச் சொந்தக் கருத்து எழுதித் தருவதாக ஒரு பத்திரிகைக்கு ஒப்புக்கொண்டவள், மூன்றாவது கருத்தில் மாட்டிக்கொண்டாள். ('நான்' என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் அவள் இங்கே 'எழுதுபவள்'. பொறுத்தருள்க.)

முதல் கருத்து: பேய்ப்படங்களில் எவரும் விளக்கைப் போடுவதில்லை. பேயைவிட மின்கட்டணத்துக்கு அஞ்சும் குடும்பங்கள். இரண்டாவது: ரயிலைத் துரத்தி ஓடும் காதலர் சற்று முன்னதாகக் கிளம்பியிருந்தால் நாமும் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கலாம். மூன்றாவது: நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வாராவாரம் வீடெங்கும் தேடும் ஒருவர் வருகிறாரே, அந்தத் தொடர்—

அதை எழுதுகிறவர் அவளுடைய அண்ணன்.

2

ஞாயிற்றுக்கிழமை இளவெயில் கூடத்தில் மெல்ல— [வெயில் வேண்டாம்.]

ஒளிபரப்புக்கு முன் ஒவ்வொரு பகுதியையும் அண்ணன் தங்கைக்குப் போட்டுக் காட்டுவார். அவர் திரையைப் பார்ப்பதில்லை. அதற்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்ப்பார். அவள் சிரித்த காட்சி நிற்கும், சிரிக்காதது போய்விடும்.

அப்படிப் பார்ப்பவர் மனதை எப்படி நோகடிப்பது? காட்சி எவ்வளவு மோசமோ, அவ்வளவு உரக்கச் சிரித்தாள். கண்ணாடிக்காரருக்கு ஆயுள் கூடிக்கொண்டே போனது.*

* உண்மையில் சிரிப்பு வந்தால் எழுதுபவளுக்குச் சத்தம் வராது. தோள் குலுங்கும், கண்ணில் நீர் வழியும். வேலை போனது வீட்டுக்குத் தெரியாமலிருக்க, தினமும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கும் ஒருவர், பக்கத்தில் தம் முதலாளியும் அதே காரணத்துக்காக நிற்பதைக் காணும் காட்சி ஒன்று இருந்தது. "ஐயோ, அழ வெச்சிட்டேனே!" என்று பதறி அண்ணன் அதை வெட்டிவிட்டார்.

3

இன்னும் ஒரு பகுதி. அதுவும் எடுபடாவிட்டால் தொடர் நிறுத்தம் என்று தொலைக்காட்சி நிலையம் சொல்லிவிட்டது. இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். திரையில் கண்ணாடிக்காரர் அலமாரிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, சிரிப்பு வரலையா?"

"வருதுண்ணா, வருது." வரவழைத்தாள்.

"மொதல்ல அவளுக்குத் தண்ணி குடுங்க, தொண்டை கட்டிடப்போகுது," என்றார் அண்ணி. அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்: "நீ இன்னும் ஒரு வாட்டி இப்படி சிரிச்சா உங்கண்ணன் வேலையில்லாம வீட்ல உக்காந்துடுவாரு. அப்புறம் நாள் முழுக்க அவர் ஜோக்க யார் கேக்கறது? நான்தான்!"

4

முடிவு ஒன்று: அவள் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். [முயன்று பார்த்தாள். அண்ணன் முகம் வாடியது, உடனே சிரித்துவிட்டாள்.]

முடிவு இரண்டு: துணிந்து, "அண்ணா, எனக்கு என்ன தோணுதுன்னா…" என்று தொடங்கி— [காபி வேண்டுமா என்று கேட்டு முடித்தாள்.]

முடிவு மூன்று: சொல்ல வாய் வராததால், இதுவரை எழுதிய தாள்களை அவர் கையில் கொடுத்துவிடுகிறாள்.

5

கொடுத்துவிட்டாள். இந்தப் பத்தி அதன் பிறகு எழுதப்படுகிறது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பது அவளுடைய முறை. பேய்ப்படத்தை அண்ணன் அசையாமல் தாண்டினார். கண்ணாடிக்காரரிடம் சற்று நின்றார். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் தாளை முகத்தோடு சேர்த்துக்கொண்டார். தோள் குலுங்குகிறது. சத்தமே இல்லை. தாளின் ஓரம் நனைகிறது.

அண்ணி எட்டிப் பார்க்கிறார். "என்னாச்சு இவருக்கு? அழறாரா, சிரிக்கறாரா?"

வாசகர் பெருமனத்துடன் அண்ணிக்குப் பதில் சொல்லி உதவ வேண்டும். எழுதுபவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.