வராதே என்று ஒரு கடிதம்

கிளியம்மாள் யாரையும் "போ" என்று சொல்லி அனுப்பியதில்லை. சிலிண்டர் போட வந்தவன்கூட அவளிடம் ஒரு "போயிட்டு வாப்பா" வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவான். "வராதே" என்கிற பேச்சுக்கு இருங்காட்டுக்கோட்டையில் அவள் வீட்டுக்குள் இடமே கிடையாது. அப்படிப்பட்டவளிடம்தான், பெற்ற பிள்ளைக்கு அதையே எழுதச் சொன்னார் வக்கீல் ஜெபகுமார்.

பிள்ளை செந்தமிழனுக்கு இருபத்திரண்டு வயது. ஒரகடத்தில் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்தான். ரஷ்யாவில் வெல்டிங் வேலை, மூன்று மடங்கு சம்பளம் என்று ஒரு ஏஜெண்ட் தேனொழுகப் பேசினான். போனதும் கையில் துப்பாக்கியைத் திணிப்பார்கள் என்பதை மட்டும் அந்த நாசமாய்ப் போகிறவன் சொல்லவில்லை. பதினைந்து நாள் பயிற்சி, அப்புறம் நேரே போர்முனை. மூன்றாம் நாளே செந்தமிழன் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிவிட்டான். இப்போது உக்ரைனில் போர்க்கைதி.

செஞ்சிலுவைச் சங்கம் வழியாக நேற்று அவன் கடிதம் வந்தது. "அடிக்கல, சோறு போடறாங்க. கைதிங்கள மாத்திக்கற லிஸ்ட்ல பேர் குடுக்கறியான்னு கேக்கறாங்க. நீ வான்னு சொன்னா குடுத்துடறேம்மா."

படித்ததும் கிளியம்மாள் கும்பிட்டாள். ஜெபகுமார் கும்பிடவில்லை.

"மாத்திக்கினா நேரா இங்க வரமாட்டாம்மா. ரஷ்யாக்காரன் கையிலதான் குடுப்பாங்க. மறுபடியும் அவனைச் சண்டைக்கே அனுப்பிட்டா இன்னா பண்றது? உள்ள இருந்தா உசுராவது கீது. கேஸ் போட்டு மெதுவா கூட்டிக்கினு வரலாம்."

"எத்தினி நாளு ஆவும் சார்?"

"தெரியலம்மா."

அவர் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த புருஷன் நரசிம்மன், மூஞ்சிகூடக் கழுவாமல் பதில் எழுத உட்கார்ந்தான். தங்கச்சி பாஸ் பண்ணியது, ஏரி நிரம்பியது, லைனில் புது சூப்பர்வைசர் வந்தது என்று முக்கால் தாளை ஓட்டிவிட்டான். மனுஷன் ஊர்க்கதையெல்லாம் எழுதுவான், விஷயத்துக்கு மட்டும் வரமாட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத எழுதுய்யா."

"என்னால ஆவாது கிளி. புள்ளய வராதன்னு எந்தக் கையால எழுதறது?"

அவளுக்கு மட்டும் ஆகுமா? "வாடா கண்ணு" என்று எழுதக் கை பரபரத்தது. அவன் முகத்தைப் பார்த்து ஒன்பது மாதம். ஆனால் அந்தப் பயல் அம்மா பேச்சைத் தட்டாதவன். வா என்றால் வந்துவிடுவான், வருகிற வழியில் குண்டு இருந்தாலும்.

அவள் பேனாவைப் பிடுங்கினாள். ஐந்தாவது வரை படித்த கை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்: "பேர் குடுக்காதே. வராதே. அங்கேயே இரு. அம்மா சொல்றேன்."

எட்டிப் பார்த்த நரசிம்மன் உடைந்துபோனான். கண்ணீர் தாளின் ஓரத்தில் சொட்டியது. அவள் சட்டென்று தாளை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"அந்தாண்ட திரும்பி அழுய்யா. எழுத்து கலைஞ்சா புள்ள வந்துடுவான்."