அத்தை அடைகாத்த கிளைமாக்ஸ்

சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் கோர்ட் கூடும். டிவியில்தான். ஒரே சீரியலை நான்கு பேர் உட்கார்ந்து நான்கு விதமாகப் பார்ப்போம். எலக்ட்ரீஷியனான என் கணவருக்கு நீதிபதியின் தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் மட்டும்தான் கண்ணில் படும். "இந்த வேகத்துக்கு அந்தக் காகிதமெல்லாம் பறந்திருக்கணுமே," என்பார். கீழ்வீட்டுத் தையல்காரருக்கு வக்கீலின் கோட்டு. "தோள்பட்டையைப் பாருங்க, அண்ணன்காரன் கோட்டை இரவல் வாங்கிப் போட்ட மாதிரி. இதப் போட்டுக்கிட்டு எந்த கேஸை ஜெயிக்கப் போறான்?" அவர் வீட்டு டிவி கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதைச் சரிசெய்யும் அவசியம் அவருக்கு வரவே இல்லை.

நான் பார்ப்பது மூலையில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்டை. நானும் பதினாறு வருஷமாகக் கோர்ட் டைப்பிஸ்ட்தான், நிஜக் கோர்ட்டில். டிவிக்காரி யாரும் பேசாதபோது தடதடவென்று அடிப்பாள். சாட்சி வாயைத் திறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு கதாநாயகனைப் பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கம்ப்யூட்டரையே ஆன் பண்ணல அத்தை, பாருங்க."

"அவன் அங்க குலுங்கிக் குலுங்கி அழறான், நீ கம்ப்யூட்டரப் பாக்குற. விளம்பரம் வர்ற வரைக்கும் வாயத் தெறக்காத."

அத்தை என்றால் என் மாமியார். சீரியலைச் சீரியலாகப் பார்ப்பவர் எங்களில் அவர் ஒருவர்தான். அவருக்குச் சட்டம் அத்துப்படி, சீரியல் சட்டம். நல்ல சாட்சி என்றால் முக்கியமான விஷயத்தைக் கடைசிவரை வெளியே விடக்கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் மார்தட்டிக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து ஒரே ஒரு வார்த்தை, ஆள் முகம் தொங்கிவிட வேண்டும். "முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்பார். நான் எங்கள் கோர்ட்டைப் பற்றி ஏதாவது ஆரம்பித்தால், "உங்க கோர்ட்டை யாரு டிவில போடப் போறா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

இப்படி இருக்கையில்தான் போன வருஷம் தையல்காரரை ஒரு வேன் இடித்துவிட்டது. மார்க்கெட் முனையில் அன்று சிக்னல் வேலை செய்யவில்லை. ரோட்டைக் கடந்துகொண்டிருந்தவரின் வலது மணிக்கட்டு மூன்று துண்டாகிவிட்டது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள், ஆனால் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். வேன்காரனோ, தான் ரோட்டைப் பார்த்து ஒழுங்காகத்தான் வந்ததாகவும், அவர்தான் பராக்குப் பார்த்துக்கொண்டு குறுக்கே பாய்ந்ததாகவும் சொல்லிவிட்டான். அங்கே கேமரா கிடையாது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சிய ஒரே சாட்சி, காய்கறிப் பையோடு எதிர்ப்பக்கம் நின்றிருந்த என் மாமியார்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததுமே அவர் என்னிடம் சொல்லிவிட்டார்: வேன்காரன் ரோட்டையே பார்க்கவில்லை, மடியில் போனை வைத்துப் படம் பார்த்துக்கொண்டு வந்தான். வழக்கு மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் நின்றது. போலீசிடமும் வக்கீலிடமும் அதைச் சொல்லியிருப்பார் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

வழக்கு எங்கள் கோர்ட்டுக்கே வந்தது. சாட்சி என் மாமியார் என்று காலையிலேயே நீதிபதியிடம் சொன்னேன். "அதனால என்ன? நீங்க டைப் அடிக்கத்தானே போறீங்க, சாட்சி சொல்லவா போறீங்க?" என்று சிரித்துவிட்டார்.

அத்தை கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி உடுத்திக்கொண்டு வந்து கூண்டில் ஏறினார். தையல்காரரின் வக்கீலுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விபத்த நேர்ல பாத்தீங்களா?"

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

நீதிபதி என் பக்கம் திரும்பி, "நான் விபத்தை நேரில் பார்த்தேன்," என்று சொல்ல, அடித்தேன்.

"இவரு ஓடி வந்தாரா, நடந்து வந்தாரா?"

"இவரா ஓடுறவரு? கீழ விழுந்த பட்டனக் குனிஞ்சு எடுக்கவே அரை மணி நேரம் ஆகும். எறும்பு மிதிபட்டுடுமோன்னு பாத்துப் பாத்து நடக்கிற மனுஷன்."

"அவர் நடந்து வந்தார்," என்றார் நீதிபதி. அதையும் அடித்தேன்.

"வேன் டிரைவரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்று சொல்லி அத்தை நிறுத்தினார். முகவாயைத் தூக்கி எதிர்த்தரப்பு வக்கீலை ஒரு பார்வை பார்த்தார். சீரியலில் அந்தப் பார்வையை மூன்று தடவை கிட்டத்தில் காட்டுவார்கள். இங்கே காட்ட ஆளில்லை. ஜலதோஷக்காரர் தன் தாளைப் பார்த்தார், அதில் மேற்கொண்டு கேள்வி இல்லை. "அவ்வளவுதாங்க," என்று உட்கார்ந்துவிட்டார்.

என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை அதை வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக அடைகாத்து வைத்திருக்கிறார், எதிராளி மார்தட்டும் நேரத்துக்காக.

எதிராளி மார்தட்டவில்லை. பாதி எழுந்து, "குறுக்கு விசாரணை இல்லை," என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் தையல்காரர் மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முடியாது. டைப்பிஸ்ட் சாட்சிக்கு எடுத்துக்கொடுத்தால் வேலையும் போகும், வழக்கும் போகும்.

சாட்சி சொன்னதைச் சாட்சிக்கே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது எங்கள் கோர்ட்டில் முறை. படிக்க வேண்டியது நான். மூன்றே வரி. ஒரு மூச்சில் படித்து, "வேன் ஓட்டுநரைப் பார்த்தேன்," என்று முடித்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அத்தை.

"நீங்க சொன்னது அவ்வளவுதாம்மா. ஏதாவது விட்டுப் போச்சா?" என்று கேட்டார் நீதிபதி.

அத்தையின் முகவாய் இறங்கியது. தையல்காரரைப் பார்த்தார்.

"ஐயா, முக்கியமானத நான் இன்னும் சொல்லவே இல்லீங்க."

"ஏன்மா?"

"யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன்."

கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீதிபதி சொல்லச் சொன்னதும், போன் விஷயத்தை ஒரே வரியில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். இப்போது எதிர்த்தரப்பு வக்கீல் நிஜமாகவே எழுந்தார்.

"போலீஸ்கிட்ட இதச் சொன்னீங்களா?"

"இல்ல."

"உங்க வக்கீல்கிட்ட?"

"இல்ல."

"ஒரு வருஷமா இல்லாத போன் இப்ப எங்கேருந்து மொளைச்சுது? எந்த சீரியல்ல பாத்தீங்க?"

உண்மையைச் சொல்லியே ஒரு மனுஷியால் பொய்க்காரி ஆக முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்குக் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அத்தை அந்தக் கல்யாணப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது, பாவமாக இருந்தது.

"ஒருத்தர்கிட்ட சொன்னேன்," என்றார் அத்தை. "அன்னிக்கே, வீட்டுக்குப் போன கையோட. என் மருமககிட்ட."

"மருமக எங்க?"

"இதோ, நான் சொல்றத அடிச்சுக்கிட்டு இருக்காளே, இவதான்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். பழக்கதோஷம், அந்த வரியையும் நான் அடித்துவிட்டிருந்தேன். அத்தை குரலைத் தாழ்த்தி, "சொன்னேங்க. அவ காதுல வாங்கினாளான்னுதான் தெரியாது. நான் பேசுறத அவ எப்பவும் காதுல போட்டுக்கறதில்ல," என்றார்.

ஜலதோஷக்காரர் ஜலதோஷத்தை மறந்து துள்ளி எழுந்து, என்னைச் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டார். பக்கத்துக் கோர்ட் டைப்பிஸ்ட் என் நாற்காலிக்கு வர, மத்தியானம் நான் கூண்டில் ஏறினேன்.

"அன்னிக்கு என்ன சொன்னாங்க?"

என் வேலைக்கு வந்த வியாதி, காதில் விழுந்தது எதுவும் அழியாது. அப்படியே சொன்னேன்: "'பாவி, மடியில போன வெச்சுக்கிட்டு ஏதோ படத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வந்தான். இடிச்சதுக்கு அப்புறந்தான் தலையவே தூக்கினான். அந்த மனுஷன் கை போச்சே. நான் பாட்டுக்குப் புலம்புறேன், இங்க ஒருத்தி வெங்காயம் நறுக்கிக்கிட்டு நிக்கிறா. சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தாக்கூட உம் கொட்டியிருக்கும்.'"

"உங்க மாமியாரக் காப்பாத்தத்தானே இப்படிச் சொல்றீங்க?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

நான் பதில் சொல்வதற்குள் நீதிபதி முந்திக்கொண்டார். "மாமியாரக் காப்பாத்த மருமக பொய் சொன்னான்னு நான் தீர்ப்புல எழுதினா, மேல்கோர்ட்ல என்னை என்ன நினைப்பாங்க?"

தீர்ப்பு ஒரு மாதம் கழித்துத் தையல்காரர் பக்கமே வந்தது. தவறு முழுக்க வேன்காரன் மேல் என்று எழுதியிருந்ததை அவர் என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது, நான் சாட்சி சொல்லிவிட்டு இறங்கிய அன்று வராந்தாவில் நடந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நான் சொன்னத ஒரு வார்த்தை விடாம வெச்சிருக்கியேம்மா."

"எனக்கு எதுவும் மறக்காது, அத்தை."

"எதுவுமேவா?"

"எதுவுமே. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. பதினெட்டு வருஷத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் வழி நெடுக விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். எங்கள் நிறுத்தம் வந்து எழுந்திருக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"அதுல சிலத மட்டும் அழிச்சுட முடியாதா?"

ஒருத்தர் சொன்னதை அழிப்பது எனக்குப் பழக்கமே இல்லை. ஆனால் அவர் அப்படிக் கேட்டதில் என் மனசு இளகிவிட்டது.

"பாக்கலாம், அத்தை," என்றேன்.