வீட்டை அணைக்கும் வார்த்தை

நாடகத்துக்குப் பின்னணிப் படம் போடுகிறவள் நான். மேடையில் தெரியும் தெரு, மழை, வீடு எல்லாம் என் லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டர் வழியாகத்தான் வரும். மயிலாப்பூர் சபாக்களில் இந்த வேலைக்கு இன்னும் பெயர் கிடையாது. 'லைட் போடற பொண்ணு' என்பார்கள். லைட் போடுகிறவர் பாலு. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

முதல் காட்சி நாளன்று டைரக்டர் ஸ்ரீனிவாசராகவன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஜுவேரியா, இன்னிக்கு ஒரு தப்பு நடந்தாலும் நாளைக்குப் பழைய படுதாதான். பத்திரமா சுருட்டி வெச்சிருக்கேன்."

ஆறு மாதம் ராப்பகலாக வரைந்தது ஒரே மாலையில் போய்விடும்.

கடைசிக் கட்டத்தில் மகன் அம்மாவை விட்டு ஒரேயடியாகக் கிளம்புவான். "போறேன்" என்பான். அந்த வார்த்தைக்கு நான் பட்டனைத் தட்ட வேண்டும்; பின்னால் நிற்கும் வீடு அணைந்து வெறும் சுவராகும். நம் ஊரில் கிளம்புகிற யாரும் "போறேன்" என்பதில்லை. எங்கள் வீட்டில் பால் வாங்கப் போகிறவர்கூட "வரேன்" என்றுதான் படி இறங்குவார். அதனால்தான் அந்த வசனத்துக்கு அத்தனை கனம்.

மகனாக நடித்த ஸ்ரீரங்கன் வாசலில் நின்று, அம்மாவாக நடித்த அபயாம்பாள் மாமியைப் பார்த்தான்.

"போயிட்டு வரேம்மா."

வாய்ப்பழக்கம். பாவி, ஒத்திகையில் ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லை.

ஹெட்செட்டில் டைரக்டர் சீறினார். "தட்டு. தட்டும்மா."

விரல் பட்டன் மேல்தான் இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவனுடைய வீட்டை எப்படி அணைப்பது? தட்டினால் நாடகம் பொய்யாகிவிடும். தட்டாவிட்டால் என் வேலை காலி. நான் தட்டவில்லை.

வெளிச்சம் மாறாததைக் கண்டு, படிவரை போய்விட்ட ஸ்ரீரங்கன் திரும்பினான். வீடு அப்படியே நின்றது. தப்பு அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாலு அடி திரும்பி வந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போறேம்மா" என்றான்.

தட்டினேன். ஜன்னல், கதவு, கூரை எல்லாம் போயிற்று. முன்வரிசையில் யாரோ விசும்புவது அரங்கத்தின் கடைசியில் இருந்த எனக்கே கேட்டது.

திரை விழுந்ததும் டைரக்டர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்.

"ஏன் தட்டலை?"

"அவர் வசனத்தை மாத்திட்டார் சார்."

"நான் சரியாத்தான் சொன்னேன்" என்றான் ஸ்ரீரங்கன், என்னைப் பார்க்காமல். "மெஷின் நின்னுடுத்து. நான் திரும்பி வந்து சமாளிச்சேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

"வரேன்னுதான்டா சொன்னே. எதிர்க்க நின்னுண்டு நான் கேட்டேனே. வீடும் அப்படியே இருந்துதா, நெஜமாவே நீ திரும்பி வந்துடுவேன்னு நெனச்சுட்டேன்."

டைரக்டர் ஸ்ரீரங்கன் பக்கம் திரும்பினார். பிறகு ஸ்ரீரங்கனிடம் சொன்னார்.

"நாளைலேர்ந்து ரெண்டையும் சொல்லு. முதல்ல வரேன், அப்புறம் திரும்பி வந்து போறேன். ஜுவேரியா அந்த வீட்டை அணைக்கறவரைக்கும் நீ படி இறங்கப்படாது."