காவல் கொட்டகையில் அடுப்பு

கரைமேட்டில் மீன்வளத் துறை ஆய்வாளரின் பைக் சத்தம் கேட்டதுமே அண்ணன் சோற்றுப் பானையைக் கீழே இறக்கி, எரிந்துகொண்டிருந்த இரும்பு அடுப்பின் மேல் ஒரு கோணிச் சாக்கைப் போட்டு மூடினான்.

"காவலுக்கு வந்துட்டுப் போறேன்னு மட்டும் சொல்லு. வேற எதையும் உளறி வைக்காதே," என்றான் தங்கையிடம்.

கடலோரப் பண்ணை நிலத்துக்கான விதி அவளுக்கு மனப்பாடம். நண்டுக் குளத்தருகே காவல் கொட்டகை போடலாம், குடியிருக்கக் கூடாது. சமையல் நடந்தால் அது வீடு. வீடென்றால் இடிக்கலாம். ஆனால் ஓடு கழற்றும் நண்டை உடனே எடுத்தாக வேண்டும், விட்டால் புது ஓடு இறுகி, மெத்தென்ற நண்டுக்குரிய விலை போய்விடும். அதனால் ராப்பகலாக ஆள் வேண்டும். அந்த ஆள் முழித்திருக்கலாம், தூங்கக் கூடாது. பசிக்கலாம், பொங்கக் கூடாது. போன இரண்டு ஆய்வின்போதும் அடுப்பை அண்ணன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வழிப்போக்கரைப் போல வாசலில் நின்றாள்.

அப்படி நிற்பது அவளுக்குப் பழக்கம்தான். கணவனை விட்டு வந்தபின் அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தாள். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் மற்றவர்கள் எழும் முன்பே பாயைச் சுருட்டி, தலையணையைக் கதவுக்குப் பின்னால் செருகி, தான் அங்கே தூங்கிய சுவடே இல்லாமல் செய்துவிடுவாள். அப்படிச் செய்யச் சொல்லி யாருமே கேட்கவில்லை என்பதுதான் அவளை அரித்தது. காவலுக்கென்று கொட்டகைக்கு வந்த முதல் காலையில் வேண்டுமென்றே பாயைச் சுருட்டாமல் விட்டாள். மத்தியானம்வரை போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்துக்கொண்டாள்.

ஆய்வாளர் உள்ளே வரும்போது சாக்கு புகையத் தொடங்கியிருந்தது.

"கொசுவுக்குப் புகை போட்டிருக்கு சார்," என்றான் அண்ணன்.

"கொசுவுக்குச் சோறும் பொங்குறீங்க போல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்கை இழுத்து வெளியே போட்டு மிதித்து அணைத்தாள். பானையைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தாள்.

"நான் இங்கதான் குடியிருக்கேன் சார். எழுதிக்குங்க."

"பைத்தியமா உனக்கு?" அண்ணனின் குரல் உடைந்தது. "இடிச்சுட்டா என்ன பண்ணுவே? நம்ம வீடு ஒண்ணு இல்லையா?"

"அது உன் வீடுண்ணே. குத்தமாச் சொல்லலை."

ஆய்வாளர் தலையைச் சொறிந்தார். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. நானும் பார்க்காத மாதிரி போயிடறேன்."

"ரெண்டு தடவை சொன்னேன். இனிமே வாய் வராது. காவலுக்கு ஆள் இருக்கலாம்னு உங்க விதியே சொல்லுது. அந்த ஆளுக்கு வயிறு உண்டுன்னும் சேர்த்து எழுதுங்க. விசாரணைக்குக் கூப்பிட்டா அங்க வந்தும் இதையேதான் சொல்வேன்."

அவர் பெருமூச்சுவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். அத்தாட்சிக்குப் படம் வேண்டுமாம்.

"அடுப்பு மட்டும் தெரிஞ்சாப் போதும். கொஞ்சம் நகரும்மா."

அவள் நகரவில்லை. ஈரக் கையால் முன்நெற்றி முடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அடுப்பின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சோறு தளதளவென்று கொதித்தது. ஆவி முகத்தில் அடித்தபோதும் கண்ணை மூடாமல் கைப்பேசியை நேராகப் பார்த்தாள்.